அப்லோவுக்கு முன்னால் யாரும் இல்லையா?

கேள்வி இது: “2025-ல் நியூயார்க்கின் மெட் காலா ஃபேஷன் விழாவுக்கு ஷாருக் கான் போன செய்தியைப் படித்தபோதுதான், அந்த ஆண்டின் கரு கறுப்பின மக்களின் உடை மரபு என்று தெரிந்தது. கறுப்பின டிசைனர்கள் யார் யார் என்று தேடினால் வர்ஜில் அப்லோவின் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. அவருக்கு முன்னால் உயர்தர ஃபேஷனில் கறுப்பினத்தவர் யாரும் இல்லையா? இப்போதாவது நிலைமை மாறிவிட்டதா?”

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். இருந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக இருக்கிறார்கள். அப்லோ பாரிஸின் லூயி வுய்ட்டான் நிறுவனத்தில் ஆண்கள் உடைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றது 2018-ல். அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 2011-ல், ஒலிவியே ரூஸ்தேங் தன் 25-ஆம் வயதில் பாரிஸ் ஃபேஷன் நிறுவனமான பால்மேனின் கிரியேட்டிவ் டைரக்டர், அதாவது டிசைன் தலைவர், ஆகிவிட்டார். 2003-ல் ஆஸ்வால்ட் போட்டெங் ஜிவான்ஷியின் ஆண்கள் பிரிவுக்கு வந்தார். கானாவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர் அவர். இன்னும் பின்னால் போனால், 1970-ல் ஜே ஜாக்சன் என்ற நியூயார்க் இளைஞர் பாரிஸில் ழான் லூயி ஷெரேரின் கூத்யூர் வீட்டுக்கு (ஃபேஷன் நிறுவனத்தை அப்படித்தான் சொல்வார்கள்) டிசைனராகப் போயிருக்கிறார். ஒருவருடைய அளவுக்கென்றே, பெரும்பகுதி கையால் தைத்துக் கொடுக்கும் பாரிஸ் முறைக்குத்தான் கூத்யூர் என்று பெயர். அந்தத் தொழிலின் உச்சாணி அது.

அப்படியானால் இந்தப் பெயர்கள் ஏன் உங்கள் தேடலில் வரவில்லை? அதுதான் நீண்ட பதில் கேட்கிற கேள்வி. ஃபேஷன் வரலாறு சொல்லிக்கொடுக்கும்போது மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. ஒரு உடையைப் பார்த்தால் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள்: உள்ளே தைத்திருக்கும் லேபிளில் யார் பெயர் இருக்கிறது, விற்ற பணம் யார் கைக்குப் போனது. கறுப்பினத்தவரின் கையும் கண்ணும் இந்தத் தொழிலில் எப்போதும் இருந்தன. பெயரும் பணமும்தான் அவர்களிடம் தங்கவில்லை.

எலிசபெத் கெக்லியிடமிருந்து தொடங்கலாம். 1818-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். தையல் வேலையால் தன்னை வைத்திருந்த குடும்பத்தையே காப்பாற்றியவர். 1855-ல் தனக்கும் மகனுக்கும் விடுதலை வாங்க 1,200 டாலர் தேவைப்பட்டது. அவரிடம் உடை தைத்துக்கொண்ட பெண்கள் கடனாகக் கொடுத்தார்கள். அதை முழுவதும் தைத்தே அடைத்தார். பிறகு வாஷிங்டனுக்குப் போய், அதிபர் லிங்கனின் மனைவி மேரி டாட் லிங்கனின் உடைகளைத் தைப்பவராக வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார். அந்த நகரத்துப் பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் என்ன உடுத்தலாம் என்பதை நேற்றுவரை அடிமையாக இருந்த ஒருவர் தீர்மானித்தார்.

அடுத்தவர் ஆன் லோ. இவரைப் பற்றி நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

அலபாமாவில் பிறந்த ஆன் லோவின் பாட்டி அடிமைக் காலத்துத் தையல்காரர். அம்மாவும் அதே தொழில். 1914-ல் அம்மா இறந்தபோது, மாநில ஆளுநரின் மனைவிக்குத் தைக்க வேண்டிய விருந்து கவுன்கள் பாதியில் நின்றன. பதினாறு வயதுப் பெண் அவற்றை முடித்துக் கொடுத்தார். 1917-ல் நியூயார்க்கில் ஒரு டிசைன் பள்ளியில் சேர்ந்தார். நேரில் போன பிறகுதான் அவர் கறுப்பினப் பெண் என்பது பள்ளிக்குத் தெரிந்தது. வெள்ளை மாணவர்களோடு உட்காரவிடாமல் தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஆனால் அவர் செய்த வேலையை மட்டும் அந்த வகுப்புக்குக் கொண்டுபோய் மாதிரியாகக் காட்டினார்கள். இந்த வரலாறு முழுவதும் அந்த ஒரு அறைக்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

பின்னாளில் ராக்ஃபெல்லர், டூபான்ட் போன்ற பணக்காரக் குடும்பங்களின் பெண்கள் அவரிடம் தைத்துக்கொண்டார்கள். துணியாலேயே செய்த நுணுக்கமான பூக்கள் அவருடைய அடையாளம். கவுனின் உட்புறத் தையலையும் வெளிப்புறம்போல முடித்துக் கொடுப்பார். 1947-ல் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் ஆஸ்கர் விருது வாங்கிய இரவில் உடுத்திய பூ வேலை கவுன் ஆன் லோவின் கையில் உருவானது. அதன் லேபிளில் இருந்தது சோனியா ரோசன்பர்க் என்ற வேறொரு பெயர்.

1953 செப்டம்பர் 12, நியூபோர்ட். ஜாக்குலின் பூவியே, ஜான் எஃப். கென்னடி திருமணம். ஐம்பது கஜம் தந்த நிற டேஃபட்டா பட்டில் ஆன் லோ தைத்த மணப்பெண் கவுன் அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட திருமண உடைகளில் ஒன்று. திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு அவருடைய பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து, மணப்பெண் கவுனும் தோழிப் பெண்களுக்கான கவுன்களில் பெரும்பகுதியும் பாழாகிவிட்டன. இரண்டு மாத வேலை. மறுபடி துணி வாங்கி, ஆள் வைத்து, ராத்திரி பகலாகத் தைத்துச் சொன்ன நாளில் முடித்தார். 700 டாலர் லாபம் வர வேண்டிய வேலையில் 2,200 டாலர் நஷ்டம். அந்தக் குடும்பத்திடம் இதை அவர் சொல்லவே இல்லை. உடைகளைக் கொடுக்கப் போனபோது வேலைக்காரர்கள் நுழையும் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். முன்வாசல் வழியாக விடவில்லையென்றால் உடைகளைத் திருப்பி எடுத்துப் போய்விடுவேன் என்றார். முன்வாசல் திறந்தது.

மறுநாள் செய்தித்தாள்கள் கவுனை அங்குலம் அங்குலமாக வர்ணித்தன. தைத்தவர் பெயர் கிட்டத்தட்ட எங்கேயும் இல்லை. 1961-ல் ஒரு மகளிர் பத்திரிகைக் கட்டுரை அந்தக் கவுனைப் பற்றிச் சொல்லும்போது அவரை வெறும் “கறுப்பினத் தையல்காரி” என்று கடந்துபோனது. ஆன் லோ மனம் வெந்து ஜாக்குலினுக்கே கடிதம் எழுதினார். அவர் கேட்டது பணம் கிடையாது, தன் பெயரைத்தான்.

அந்தப் பக்கம் பணமும் கைவிட்டது. நியூயார்க்கின் பெரிய கடை ஒன்று தனக்குள் தனி உடைப் பிரிவு நடத்த அவரை அழைத்தது. துணிச் செலவும் தையல் ஆட்களின் கூலியும் அவர் தலையில். அதோடு, பெரிய வீட்டுப் பெண்கள் பேரம் பேசினால் விட்டுக்கொடுக்கும் சுபாவம் அவருக்கு. வரிப் பாக்கி ஏறி 1962-ல் தன் கடையை மூட வேண்டி வந்தது. அதே ஆண்டு கண் அழுத்த நோயால் ஒரு கண்ணை எடுத்தார்கள். யாரோ பெயர் சொல்லாமல் வரிப் பாக்கியைக் கட்டினார்கள். மீண்டும் எழுந்து, 1968-ல் மேடிசன் அவென்யூவில் தன் பெயரிலேயே கடை திறந்தார். 1981-ல் காலமானார். 2023-ல்தான் டெலவேரில் உள்ள விண்டர்தூர் அருங்காட்சியகம் அவருக்கென்று பெரிய கண்காட்சி வைத்தது.

இதே காலத்தில் ஸெல்டா வின் வால்டெஸ் வேறு வழியில் போனார். 1948-ல் நியூயார்க் பிராட்வேயில் தன் பெயரில் கடை. பாடகி எல்லா (Ella) ஃபிட்ஸ்ஜெரால்ட், நடிகை டோரதி டான்ட்ரிட்ஜ் போன்ற நட்சத்திரங்களுக்கு உடல் வளைவைக் கச்சிதமாகப் பிடிக்கும் மேடை உடைகளைத் தைத்தார். 1970-ல் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் நடனக் குழுவுக்குப் போன பிறகு அவர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பாலே ஆடுபவர்கள் அணியும் காலுறை வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில்தான் கிடைக்கும். யாருடைய தோல் நிறத்தை நினைத்துச் செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழு நடனக் கலைஞர்களுக்கு அவரவர் தோல் நிறத்துக்கே காலுறையைச் சாயம் தோய்த்துக் கொடுத்தது. சாயம் தோய்த்தவர் ஸெல்டா.

இனி ரசனையைத் தீர்மானித்தவர்கள். உடை செய்கிறவர் பாதி. எது அழகு என்று மக்களுக்குக் காட்டுகிறவர் மீதி. அந்த இடத்தில் நான் முதலில் வைப்பது சிகாகோவின் யூனிஸ் ஜான்சனை. கணவர் ஜான் ஜான்சனோடு சேர்ந்து கறுப்பின மக்களுக்கான ‘எபோனி’ பத்திரிகையை நடத்தியவர். 1958-லிருந்து 2009 வரை ‘எபோனி ஃபேஷன் ஃபேர்’ என்ற பயணக் காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனார். டிக்கெட் வாங்கினால் பத்திரிகைச் சந்தாவும் சேர்ந்து வரும். வசூல் கறுப்பின மக்களின் கல்வி, மருத்துவமனை போன்ற நற்காரியங்களுக்கு. மொத்தம் 5 கோடி டாலருக்கு மேல் அப்படிச் சேர்ந்தது.

உடைகளை எப்படிப் பெற்றார் என்பதைக் கவனியுங்கள். பத்திரிகை ஆசிரியர் என்றால் டிசைனர்கள் உடையை இரவலாகத் தருவது வழக்கம். ஆரம்பத்தில் இவருக்குத் தரத் தயங்கினார்கள். சிலர் விற்கவே தயங்கினார்கள். அதனால் பாரிஸ், ரோம் நகரங்களுக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கினார். பிறகு அந்த ஃபேஷன் வீடுகளுக்கே அவர் முக்கியமான வாடிக்கையாளர் ஆகிவிட்டார். தெற்கு மாநிலங்களில் பெரிய கடைக்குள் சட்டையைப் போட்டுப் பார்க்கக்கூட விடாத காலத்தில், ஒரு பள்ளி அரங்கத்தில் உட்கார்ந்து பாரிஸ் கவுனைத் தங்கள் நிறத்துப் பெண் உடுத்தி நடப்பதை மக்கள் பார்த்தார்கள். மாடல்களின் தோலுக்குப் பொருந்தும் மேக்கப் சந்தையில் கிடைக்காமல் அவர்களே நிறங்களைக் கலந்து பூசிக்கொள்வதைப் பார்த்த யூனிஸ், 1973-ல் ‘ஃபேஷன் ஃபேர்’ என்ற அழகுப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கே பெயரும் பணமும் இரண்டுமே அவர்களிடம் இருந்தன. அபூர்வமான விதிவிலக்கு.

அதே 1973-ன் நவம்பர் 28-ஆம் தேதி பாரிஸுக்கு அருகே வெர்சாய் அரண்மனையில் நடந்த ஃபேஷன் காட்சியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரண்மனையைப் பழுதுபார்க்க நிதி திரட்டும் விழா. பிரெஞ்சுத் தரப்பில் ஐந்து பேர்: ஈவ் சான் லோரான், ஜிவான்ஷி, பியர் கார்டன், உங்காரோ, டியோரின் மார்க் போஹான். அமெரிக்கத் தரப்பில் ஐந்து பேர்: ஆஸ்கர் டி லா ரென்டா, பில் பிளாஸ், ஹால்ஸ்டன், ஆன் கிளைன், ஸ்டீபன் பரோஸ். கடைசிப் பெயர் மட்டும் கறுப்பின இளைஞர் ஒருவருடையது. அன்றைக்கு உயர்ந்த ஃபேஷன் என்றாலே பாரிஸ்தான். அமெரிக்கர்களை நல்ல உடுப்புக் கம்பெனிக்காரர்கள் என்ற அளவில்தான் மதித்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் முழு இசைக்குழு, பிரம்மாண்டமான மேடைப் பொருட்கள், பாலே கலைஞர் நூரியேவின் நடனம் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஜோசஃபின் பேக்கர் அவர்கள் பக்கம் ஆடிப் பாடினார். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். தன் நாடு தராத மரியாதையை 1925-லிருந்து பாரிஸில் கண்டவர். அமெரிக்கர்கள் கொண்டுவந்த மேடைத் திரையோ அடி அளவையும் மீட்டர் அளவையும் குழப்பிக்கொண்டதால் அளவு பொருந்தவில்லை. எனவே கிட்டத்தட்ட வெறும் மேடை, டேப்பில் பாட்டு. அரை மணி நேரம்.

ஆனால் அந்த அணியின் 36 மாடல்களில் சுமார் பத்துப் பேர் கறுப்பினப் பெண்கள். பேட் கிளீவ்லண்ட், பில்லி பிளேர், ஆல்வா சின், பெத்தான் ஹார்டிசன்... அதுவரை பாரிஸ் மாடல்கள் எண் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு விறைப்பாக நடந்து காட்டுவார்கள். இவர்கள் பாட்டின் தாளத்தைக் காலில் வாங்கி நடந்தார்கள், சுழன்றார்கள், சபையைக் கண்ணுக்குக் கண் பார்த்தார்கள். பார்வையாளர்கள் எழுந்து நிகழ்ச்சிப் புத்தகங்களை மேலே வீசி ஆரவாரம் செய்தார்கள். ஃபேஷன் மேடையில் நடை என்று நாம் இன்று எதைச் சொல்கிறோமோ, அதில் பெரும்பங்கு அந்தப் பெண்களுடையது.

ஸ்டீபன் பரோஸ் தையல் தெரிந்தவர்கள் ரசிக்க வேண்டிய டிசைனர். மெல்லிய ஜெர்சித் துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜிக்ஜாக் தையல் போடுவார். கையை விட்டதும் துணி சுருங்கி, ஓரம் மட்டும் அலை அலையாக நிற்கும். பொதுவாக டெய்லர்கள் கோளாறு என்று பிரித்துவிடுவதை அவர் அலங்காரமாக்கினார். தையலை மறைக்காமல் சிவப்பு நூலில் வெளியே காட்டுவார். பாட்டியின் மெஷினில் பழகிய கை அது. அந்தக் காலத்தில் பெரிய முதலீட்டாளரோடு சேர்ந்தார். தரம் தன் பிடியிலிருந்து போவதைப் பொறுக்க முடியாமல் பழைய இடத்துக்கே திரும்பினார். 1980-களின் தொடக்கத்தில் கடை மூடியது. திறமைக்குக் குறைவில்லை. பொறுமையாக நிற்கும் பணம்தான் இல்லை.

வில்லி ஸ்மித் அந்த வகையில் தப்பித்தவர். 1976-ல் லோரி மாலே என்ற கூட்டாளியோடு தொடங்கிய ‘வில்லிவேர்’ நிறுவனத்தின் முதல் தொகுப்பு பம்பாயில் நம் பருத்தித் துணியில் உருவானது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. தளர்வான, எல்லோரும் வாங்கக்கூடிய, வீட்டிலேயே துவைக்கக்கூடிய உடைகள். ராணிக்காக நான் உடை செய்வதில்லை, அவர் போகும்போது கையசைக்கிற மக்களுக்காகச் செய்கிறேன் என்பார். 1980-களின் நடுவில் ஆண்டு விற்பனை 2.5 கோடி டாலர். 1986-ல் கென்னடியின் மகள் கரோலினுக்குத் திருமணம் நடந்தபோது மாப்பிள்ளையின் லினன் சூட் வில்லி ஸ்மித் செய்தது. பத்திரிகைகள் அவர் பெயரைப் போட்டன. தாயின் திருமணத்துக்கும் மகளின் திருமணத்துக்கும் இடையில் 33 ஆண்டு. மறு ஆண்டே, இந்தியாவுக்குத் துணி வாங்க வந்து திரும்பிய சில வாரங்களில், எய்ட்ஸ் நோயால் இறந்தார். வயது 39.

எய்ட்ஸ் இந்தத் தலைமுறையையே அள்ளிக்கொண்டு போனது. டிசைனர் பேட்ரிக் கெல்லியும் அப்படித்தான். மிசிசிப்பியின் விக்ஸ்பர்க் ஊர். பாட்டி வெள்ளையர் வீட்டில் வேலை செய்துவிட்டு வரும்போது அங்கே கிடந்த ஃபேஷன் பத்திரிகைகளை எடுத்து வருவார். அதில் கறுப்பினப் பெண்களே இல்லையே என்று சிறுவன் கேட்டபோது, அவர்களுக்காக உடை செய்ய யாருக்கும் நேரமில்லை என்றாராம். பையன் சட்டையில் பட்டன் விழுந்தால் பாட்டி கையில் கிடைத்த வேறு நிறப் பட்டனைத் தைத்துவிட்டு, வித்தியாசம் தெரியாமலிருக்க இன்னும் பல நிறப் பட்டன்களைச் சேர்த்துத் தைப்பார். அந்தப் பட்டன்கள்தான் பின்னாளில் பாரிஸில் கெல்லியின் அடையாளம். ஒருவழி விமான டிக்கெட் ஒன்றை யாரோ பெயர் சொல்லாமல் கொடுக்க, பாரிஸ் போய்ச் சேர்ந்தார்; கொடுத்தவர் மேலே சொன்ன பேட் கிளீவ்லண்ட். 1988-ல் பாரிஸ் ஆயத்த ஆடை டிசைனர்களின் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அதில் இடம் பெற்ற முதல் அமெரிக்கர் அவர். 1990 புத்தாண்டு அன்று 35 வயதில் போய்விட்டார். நிறுவனமும் அவரோடு போயிற்று. பாரிஸில் உள்ள அவர் கல்லறையில் ‘முடியாதது எதுவும் இல்லை’ என்று பொறித்திருக்கிறார்கள்.

ஹார்லெம் டாப்பர் டானிடம் வருவோம். உங்கள் கேள்வியின் மையம் இவர் கதைதான் என்று நினைக்கிறேன்.

டேனியல் டே என்பது இயற்பெயர். 1982-ல் ஹார்லெமின் 125-ஆம் தெருவில் கடை போட்டார். கடை இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். முதலில் ஃபர் கோட்டுகள் விற்கலாம் என்று பார்த்தால் மொத்த வியாபாரிகள் சரக்குக் கொடுக்க மறுத்தார்கள். அப்புறம் தானே செய்யத் தொடங்கினார். வாடிக்கையாளர் ஒருவர் கையில் லூயி வுய்ட்டானின் சின்னப் பை ஒன்று. அதைச் சுற்றிக் கூட்டம். இந்தச் சின்னப் பைக்கே இப்படியென்றால் உடல் முழுக்க அதே முத்திரை இருந்தால்? லெதரின்மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வது எப்படி என்று தானே கற்றார். குச்சி (Gucci), ஃபெண்டி, லூயி வுய்ட்டான் நிறுவனங்களின் முத்திரைகளை அச்சடித்து, செனகலிலிருந்து வந்த டெய்லர்களை வைத்துக் கோட்டும் ஜாக்கெட்டும் தைத்தார். ராப் பாடகர்களும் குத்துச்சண்டை வீரர்களும் தெருவின் பணக்காரர்களும் வரிசையில் நின்றார்கள்.

சட்டப்படி அது வர்த்தகச் சின்ன மீறல். அதில் சந்தேகமில்லை. நிறுவனங்கள் தொடர்ந்து சோதனை போட்டன. 1992-ல் ஃபெண்டியின் நடவடிக்கையோடு கடை மூடியது. ஃபெண்டி தரப்பு வழக்கறிஞர்களில் சோனியா சொட்டோமயோரும் ஒருவர். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். ஆனால் ஒன்றை யோசியுங்கள். டாப்பர் டான் எதை நகலெடுத்தார்? லூயி வுய்ட்டான் அப்போது பெட்டியும் பையும் செய்யும் கம்பெனி. அது ஆயத்த ஆடைகளை விற்கத் தொடங்கியதே 1998-ல். முத்திரையைத் தலை முதல் கால் வரை உடுத்தலாம் என்ற எண்ணம் 125-ஆம் தெருவில் பிறந்து, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பாரிஸுக்குப் போனது. சின்னம் அவர்களுடையது, உடை இவருடையது. சட்டத்துக்குச் சின்னத்தைக் காக்கத் தெரியும். உடையின் எண்ணத்தைக் காக்க அதில் வழி ரொம்பக் குறைவு.

2017 மே மாதம் ஃப்ளாரன்ஸில் குச்சி நடத்திய காட்சியில், புஸ்ஸென்று உப்பிய கைகளில் முத்திரை நிரம்பிய ஃபர் ஜாக்கெட் ஒன்று வந்தது. ஒலிம்பிக் ஓட்டக்காரர் டயான் டிக்சன், 1980-களின் இறுதியில் டாப்பர் டான் தனக்குத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டின் படத்தை எடுத்துப் போட்டார். முத்திரை மட்டும் வேறு, மற்றதெல்லாம் அதே. அவருக்கான மரியாதை அது என்றது குச்சி. அப்படியானால் பெயரை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மக்கள் கேட்டார்கள். சில மாதத்தில் ஒப்பந்தம் ஆனது. 2018 ஜனவரியில் குச்சியின் துணியோடு ஹார்லெமில் டாப்பர் டானின் பட்டறை மறுபடி திறந்தது. கடை மூடி 26 ஆண்டு. நல்ல முடிவு என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். அந்த 26 ஆண்டின் வருமானத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் என் கேள்வி.

ஃபேஷன் பத்திரிகையாளர் ஆந்த்ரே லியோன் டாலியைச் சொல்லாமல் விட முடியாது. வட கரோலினாவின் டர்ஹம் நகரில், டியூக் பல்கலைக்கழக விடுதியைச் சுத்தம் செய்த பாட்டியிடம் வளர்ந்தார். வோக் ஃபேஷன் பத்திரிகை வாங்க வெள்ளையர் பகுதிக்கு நடந்து போகும்போது மாணவர்கள் கல்லெறிந்திருக்கிறார்கள். பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை. 1988-லிருந்து 1995 வரை அமெரிக்க வோக்கின் கிரியேட்டிவ் டைரக்டர். ஆறரை அடி உயரம், தரையைத் தொடும் அங்கி, தேவாலயத்துப் பிரசங்கியின் குரல். பாரிஸ் காட்சிகளின் முன்வரிசையில் பல ஆண்டு அநேகமாக ஒரே கறுப்பின முகம். 1996-ல் ஒரு பத்திரிகைக்காக அவர் உருவாக்கிய படத் தொகுப்பில் கறுப்பின மாடல் நவோமி காம்ப்பெல் தெற்கத்திப் பண்ணையின் எஜமானியாக நின்றார். வெள்ளை டிசைனர்கள் வேலைக்காரர்களாக நின்றார்கள். அந்த ஒரு தொகுப்புக்காகவே நான் அவரைக் கொண்டாடுவேன். 2022 ஜனவரியில் மறைந்தார்.

இந்த நினைவுகளெல்லாம் காற்றோடு போகாமல் இருந்ததற்குக் காரணம் லோயிஸ் அலெக்சாண்டர் லேன் என்ற ஒரு பெண். 1979-ல் ஹார்லெமில் கறுப்பின ஃபேஷன் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கி, அடிமைக் காலத்து உடைகளிலிருந்து ஆன் லோவின் கவுன்கள் வரை சேர்த்தார். அந்தச் சேகரிப்பு 2007-ல் அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனுக்குப் போய்ச் சேர்ந்தது. வாஷிங்டன் போகிறவர்கள் அங்குள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. மாறியிருக்கிறதா?

காட்சியில் மாறியிருக்கிறது. அதுவும் தானாக மாறவில்லை. வெர்சாயில் நடந்த அதே பெத்தான் ஹார்டிசன் 2013-ல் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஃபேஷன் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மாடல்களே இல்லாமல் காட்சி நடத்தும் டிசைனர்களைப் பெயர் சொல்லிக் கேட்டார். உங்கள் நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு இனவெறிதான் என்றார். கானாவில் பிறந்து லண்டனில் வளர்ந்த எட்வர்ட் எனின்ஃபுல் 2017-ல் பிரிட்டிஷ் வோக்கின் ஆசிரியர் ஆனார்; அம்மா தையல்காரர். 2018 செப்டம்பரில் அமெரிக்க வோக்கின் அட்டைப் படத்தை முதல்முறையாக ஒரு கறுப்பினப் புகைப்படக்காரர், டைலர் மிட்செல், எடுத்தார். பத்திரிகைக்கு அப்போது வயது கிட்டத்தட்ட 126.

அப்லோவும் இந்த வரிசையில் வருபவர்தான். கானாவிலிருந்து வந்த பெற்றோர், தையல்காரத் தாய், படித்தது சிவில் இன்ஜினியரிங்கும் கட்டிடக்கலையும். 2018 ஜூனில் பாரிஸின் பாலே ரொயால் தோட்டத்தில் வானவில் நிற மேடையில் அவருடைய முதல் லூயி வுய்ட்டான் காட்சி நடந்தது. டாப்பர் டான் யாருடைய முத்திரையை அச்சடித்ததற்காகத் துரத்தப்பட்டாரோ, அதே முத்திரை இப்போது ஒரு கறுப்பின டிசைனரின் பொறுப்பில். புற்றுநோயை வெளியே சொல்லாமல் வேலை செய்து 2021 நவம்பர் 28-ல் 41 வயதில் இறந்தார். கறுப்பின மாணவர்களுக்கு அதற்கு முந்தைய ஆண்டே 10 லட்சம் டாலர் கல்வி நிதி திரட்டித் தொடங்கியிருந்தார்.

ஆனால் உரிமையைப் பாருங்கள். அவர் தொடங்கிய ‘ஆஃப் ஒயிட்’ பிராண்டின் 60 சதவீதத்தை 2021-ல் லூயி வுய்ட்டானின் தாய் நிறுவனமான எல்விஎம்ஹெச் குழுமம் வாங்கியது. 2024-ல் வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பால்மேனை 14 ஆண்டு தூக்கி நிறுத்திய ரூஸ்தேங் 2025 நவம்பரில் விலகினார். கிரியேட்டிவ் டைரக்டர் என்பது பெரிய வேலைதான், ஆனாலும் வேலைதான். சம்பளமும் புகழும் வரும். வீட்டுச் சாவி வேறொருவரிடம் இருக்கும். பதவி நியமனங்களை எண்ணிப் பார்த்து எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வராதது இதனால்தான்.

இந்தக் காரணத்தால் டெல்ஃபர் கிளெமென்ஸை நான் கூர்ந்து கவனிக்கிறேன். லைபீரியப் பெற்றோருக்கு நியூயார்க் குவீன்ஸில் பிறந்தவர். 2005-லிருந்து தன் பெயரிலேயே ஃபேஷன் நிறுவனம் நடத்துகிறார். 2014-ல் வந்த அவருடைய பை ஒரு சாதாரணக் கடைப்பை வடிவம்தான், விலையும் எட்டக்கூடியது. கிடைக்காமல் பண்ணி விலையேற்றுவதுதான் இந்தத் தொழிலின் பழக்கம். அவர் 2020-ல் ஒரு நாள் முழுக்க யார் எத்தனை வேண்டுமானாலும் முன்பதிவு செய்யலாம் என்று திறந்துவிட்டார். 2023-ல் இன்னொன்று செய்தார்: புது உடைகளின் விலை குறைவான இடத்தில் தொடங்கி நொடிக்கு நொடி ஏறும்; சரக்குத் தீரும் நொடியில் நிற்கும் விலைதான் இனி அந்த உடையின் விலை. அதிகம் பேர் விரும்பும் உடை அதனாலேயே மலிவாகக் கிடைக்கும்.

இன்னொருவர் கிரேஸ் வேல்ஸ் பானர். ஜமைக்கத் தந்தை, ஆங்கிலேயத் தாய், லண்டன். 2014-ல் தன் பெயரில் தொடங்கி, 2016-ல் இளம் டிசைனர்களுக்கான எல்விஎம்ஹெச் பரிசு வாங்கினார். 2025 அக்டோபரில் ஹெர்மெஸ் தன் ஆண்கள் உடைப் பிரிவை அவரிடம் ஒப்படைத்தது. முப்பத்தேழு ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தவர் விலகி இவருக்கு இடம். பெரிய ஐரோப்பிய ஃபேஷன் வீடு ஒன்றில் இப்படிப் பொறுப்பேற்கும் முதல் கறுப்பினப் பெண் அவர். தன் சொந்த நிறுவனத்தையும் கைவிடவில்லை. அவருடைய முதல் ஹெர்மெஸ் தொகுப்பு 2027 ஜனவரியில் என்று அறிவித்திருக்கிறார்கள்.